பாராட்டும் பேச்சும்

பள்ளி ஆண்டு விழாக்களில் இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தலைமையாசிரியர் வரவேற்புரையைத் தொடங்குகிறார். திடீரென்று ஒலிபெருக்கியிலிருந்து காதைத் துளைக்கும் கூவல் ஒன்று எழுகிறது. மைக் செட்டுக்காரர் ஓடி வந்து ஒரு திருகைச் சற்றே குறைக்கிறார். அல்லது மைக்கை வேறு பக்கம் திருப்பி வைக்கிறார். கூவல் அடங்கிவிடுகிறது.

அந்தக் கூவல் யாருடைய குரல்? பேச்சாளருடைய குரல் அன்று. ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலியில் ஒரு பகுதி மீண்டும் மைக்கிற்குள் நுழைகிறது. மின்பெருக்கி அதனை மேலும் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அது மறுபடியும் மைக்கிற்கே வந்து சேர்கிறது. இவ்வாறு வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீடாகத் திரும்பி வருவதைப் பின்னூட்டம் என்கிறோம். மண்டபத்தில் எத்தனையோ ஒலிகள் இருக்கின்றன. அவற்றுள் எந்த அதிர்வெண்ணுக்கு இந்தச் சுற்று மிகவும் இடங்கொடுக்கிறதோ, அது மட்டும் வளர்ந்து மற்ற ஒலிகளை அமுக்கிவிடுகிறது. ஆகவே கூவலின் சுரத்தைத் தேர்ந்தெடுப்பவர் பேச்சாளர் அல்லர். அந்தச் சுற்றுதான் தேர்ந்தெடுக்கிறது.

மனிதர் பேசும் பேச்சிலும் இத்தகைய சுற்று ஒன்று உண்டு. நாம் ஒன்றைச் சொல்கிறோம். கேட்பவர் தலையசைக்கிறார், சிரிக்கிறார், கைதட்டுகிறார். அல்லது முகத்தைச் சுளிக்கிறார். அந்தச் செய்தி நம்மிடம் திரும்பி வருகிறது. அடுத்த சொல்லை நாம் தேர்ந்தெடுக்கும்போது அதுவும் நம்முடன் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. இஃது எந்த அளவுக்கு உண்மை? இதனை அளந்து பார்க்க முடியுமா? சுமார் 70 ஆண்டுகளாக அறிஞர்கள் இதனை அளந்து வருகின்றனர். அவர்கள் செய்த சில சோதனைகளை இக்கட்டுரையில் காண்போம்.

மழலையில் தொடங்குகிறது

எட்டு மாதக் குழந்தை ஓயாமல் ஒலியெழுப்பிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அவை 'ஆ', 'ஊ' போன்ற ஒலிகள். இடையிடையே 'பா', 'மா' போல மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளும் வரும். 2003ஆம் ஆண்டு மைக்கேல் கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலறிஞரும் அவருடைய துணைவர்களும் இந்த மழலையை ஆராய்ந்தனர்.

தாய்மார்களை அவர்கள் இரு குழுவாகப் பிரித்தனர். முதற்குழுவில், குழந்தை ஒலியெழுப்பியவுடன் தாய் புன்னகை செய்ய வேண்டும். அருகே சென்று தொட வேண்டும். இரண்டாம் குழுவிலும் தாய்மார்கள் அதே அளவு புன்னகை செய்தனர், தொட்டனர். ஆனால், தம் குழந்தை எப்போது ஒலியெழுப்புகிறது என்பதைப் பார்த்து அல்ல. முதற்குழுவில் ஒரு தாய்க்கு எந்தெந்த நேரத்தில் சைகை கிடைத்ததோ, அதே நேரக் கணக்கின்படி. ஆகவே அன்பின் அளவு இரு குழுவிலும் ஒன்றே. அது வந்த காலம் மட்டுமே வேறு.

முதற்குழுக் குழந்தைகளின் மழலை, சிறிது நேரத்திலேயே பேச்சை நெருங்கியது. மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் கூடின. இரண்டாம் குழுவில் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. தன் ஒலிக்கும் தாயின் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் குழந்தை பற்றிக்கொண்டுவிடுகிறது.

பிறருடைய பாராட்டை நாடுவது ஒரு பலவீனம் என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு எண்ணுவது சரியன்று. நாம் பேசக் கற்றுக்கொண்டதற்கே அதுவும் ஒரு காரணம்.

'ம்ம்' என்ற ஓர் ஒலி

வளர்ந்தவர்களிடமும் இது செல்லுமா? அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜோயல் கிரீன்ஸ்பூன் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருடைய சோதனை முடிவு 1955இல் வெளியாயிற்று. சோதனை மிக எளியது. ஒரு மாணவரை அமரச் செய்து, "மனத்தில் தோன்றும் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், வாக்கியமாகச் சொல்ல வேண்டாம்" என்றார். மாணவர் ஆங்கிலத்தில் சொற்களைச் சொல்லிக்கொண்டே போனார். பன்மைப் பெயர்ச்சொல் ஒன்று வந்தால் மட்டும் கிரீன்ஸ்பூன் 'ம்ம்' என்று ஆமோதிக்கும் ஒலி எழுப்பினார். மற்றச் சொற்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பன்மைச் சொற்கள் பெருகின. வேறொரு குழுவினரிடம், பன்மைச் சொல் வந்தபோது மறுக்கும் ஒலி எழுப்பப்பட்டது. அவர்களிடம் பன்மைச் சொற்கள் குறைந்தன. பரிசு இல்லை, மதிப்பெண் இல்லை, பாராட்டுரை இல்லை. உதடு பிரியாத ஓர் ஒலி போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டில் வில்லியம் வெர்ப்லாங்க் என்பவர் மற்றொரு சோதனையை வெளியிட்டார். இது அன்றாட உரையாடலில் நடந்தது. அவருடைய மாணவர்கள் நண்பர்களுடனும் பிறருடனும் சாதாரணமாகப் பேசினர். எதிரில் இருப்பவர் 'நான் நினைக்கிறேன்', 'எனக்குத் தோன்றுகிறது' என்று தம் கருத்தைச் சொல்லும்போதெல்லாம் ஆமோதித்தனர். அல்லது அவர் சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னார்கள். இவ்வாறு 24 பேரிடம் பேசினர். 24 பேரும் முன்னைவிட அதிகமாகக் கருத்துச் சொல்லத் தொடங்கினர் என்பது முடிவு.

ஓர் எச்சரிக்கை

24க்கு 24 என்ற முடிவைக் கண்டால் அறிவியல் மாணவனுக்கு மகிழ்ச்சியோடு ஐயமும் வர வேண்டும். 1961இல் நேதன் ஆஸ்ரினும் துணைவர்களும் அதே முறையில் மாணவர்களைக் கொண்டு சோதித்தனர். சோதனை செய்த மாணவர்கள் எந்த முடிவை எதிர்பார்த்தார்களோ, அந்த முடிவே அவர்களுக்குக் கிடைத்தது. விசாரித்தபோது, பலர் சொல்லிக்கொடுத்த முறையிலிருந்து வெகுவாக விலகியிருந்தது தெரிந்தது. கட்டுப்பாடு இல்லாத உரையாடலில் இத்தகைய சோதனையைச் செய்து உறுதியான முடிவுக்கு வர இயலாது என்று அவர்கள் எழுதினர்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பாராட்டு பேச்சை வளைக்கிறதா என்று அளக்கச் சென்றவர்களின் அளவையே எதிர்பார்ப்பு வளைத்துவிட்டது!

கிரீன்ஸ்பூனின் சோதனையிலும் ஒரு கேள்வி எழுந்தது. பன்மைச் சொற்களைப் பெருக்கியவர்கள் தம்மையறியாமலே அவ்வாறு செய்தார்களா? 1960களில் வேறு அறிஞர்கள், சோதனைக்குப் பின் ஒவ்வொருவரையும் நுணுக்கமாக விசாரித்தனர். பேச்சு மாறியவர்களுள் பெரும்பாலோர் 'எதற்கு ஆமோதிப்பு வருகிறது' என்பதை ஓரளவேனும் கவனித்திருந்தனர் என்று தெரிந்தது. இது நமக்கு நல்ல செய்தி. கவனிக்கக்கூடிய ஒன்றை நாம் கட்டுப்படுத்தவும் கூடும் அல்லவா?

கூட்டத்தின் நடுவே

இதுவரை ஒருவர் பேச, ஒருவர் கேட்டார். கூட்டத்தின் நடுவே என்ன நடக்கும்? சாலமன் ஆஷ் என்ற உளவியலறிஞர் 1950களில் செய்த சோதனைகள் இதற்கு விடை தருகின்றன.

ஓர் அட்டையில் ஒரு கோடு இருக்கும். இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற்கோட்டின் நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். சிறு குழந்தைக்கும் விடை தெரியும். ஆனால் அறையில் இருப்பவர்களுள் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆஷிடம் முன்பே பேசி வைத்தவர்கள். அவர்கள் சில சுற்றுகளில் ஒரே குரலாகத் தவறான விடையைச் சொல்வார்கள். உண்மையறியாத அந்த ஒருவர் பெரும்பாலோர் சொல்லி முடித்த பிறகு தம் விடையைச் சொல்ல வேண்டும்.

அத்தகைய சுற்றுகளில், கேட்ட விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட்டத்தின் தவறான விடையாகவே இருந்தது. சுமார் நான்கில் ஒருவர் மட்டுமே ஒரு முறைகூட வளைந்துகொடுக்கவில்லை. விடையை உரக்கச் சொல்லாமல் தனியே எழுதித் தரச் சொன்னபோது, வளைவது பெரிதும் குறைந்தது. பலருக்குக் கண் தவறாகப் பார்க்கவில்லை. வாய்தான் வேறு சொன்னது.

ஆஷின் சோதனைகளில் மிகவும் பயனுள்ள முடிவு மற்றொன்று. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும். கூட்டத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. அந்த ஒரு துணையைப் பின்னர் மறந்துவிடாதீர்கள்.

எண்ணாக மாறிய பாராட்டு

2009ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஃபேஸ்புக் நிறுவனம் 'லைக்' என்னும் விருப்பக்குறியை அறிமுகப்படுத்தியது. கட்டைவிரலை உயர்த்திய ஒரு சிறு படம். தலையசைப்பும் புன்னகையும் 'ம்ம்' ஒலியும் செய்த வேலையை அது செய்கிறது. ஆனால் மூன்று வேறுபாடுகள் உண்டு.

முதலாவது, அஃது ஓர் எண். தலையசைப்பைக் கூட்டிக் கழிக்க முடியாது. விருப்பக்குறிகளை நேற்றைய கணக்கோடும் அடுத்தவர் கணக்கோடும் ஒப்பிட முடியும். இரண்டாவது, எதிரே உள்ளவர் மட்டுமன்றி, முகம் தெரியாத ஆயிரம் பேரும் அதனைத் தரலாம். தந்தது எவ்வளவு என்று எல்லாரும் பார்க்கலாம். மூன்றாவது, கணிப்பொறி அந்த எண்ணைக் கவனிக்கிறது. எந்தப் பதிவுக்கு மிகுதியான ஆதரவு இருக்கிறதோ, அதனை மேலும் பலருக்குக் காட்டுகிறது. மேலும் பலர் பார்த்தால் மேலும் ஆதரவு கிடைக்கிறது. ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

அப்படியானால் எந்தச் 'சுரம்' இந்தச் சுற்றில் வளர்கிறது?

அறச்சீற்றத்தின் கணக்கு

2017இல் வில்லியம் பிராடியும் துணைவர்களும் ட்விட்டர் தளத்தில் வெளியான 5,63,312 பதிவுகளை ஆராய்ந்தனர். (இத்தளம் 2023 முதல் எக்ஸ் என்ற பெயரைத் தாங்கியுள்ளது.) துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒரே பாலினத் திருமணம், தட்பவெப்ப மாற்றம் ஆகிய மூன்றும் அமெரிக்காவில் அப்போது கடும் விவாதத்துக்கு உரியவை. இவை பற்றிய பதிவுகளில், அறம் பற்றிய தீர்ப்பும் உணர்ச்சியும் ஒருங்கே கலந்த சொற்கள் எத்தனை உள்ளன என்று எண்ணினர். 'கடமை' என்பதில் அறம் உண்டு, உணர்ச்சி குறைவு. 'அச்சம்' என்பதில் உணர்ச்சி உண்டு, தீர்ப்பு இல்லை. 'வெட்கக்கேடு' என்னும்போது இரண்டும் சேர்ந்துவிடுகின்றன.

இத்தகைய சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பிறரால் பகிரப்படுவது சராசரியாக 20 விழுக்காடு கூடியிருந்தது. ஒரு சொல்லுக்கு 1.2 மடங்கு. இரண்டு சொல்லுக்கு 1.44. மூன்றுக்கு ஏறத்தாழ 1.73. நான்கு சொல்லுக்கு 2.07, அதாவது இரு மடங்குக்குச் சற்று மேல். கூட்டுவட்டி போன்ற கணக்கு இது. ஆனால் அவ்வாறு பரவியது பெரும்பாலும் ஒத்த கருத்துடையவர்களிடையேதான். மாற்றுக் கருத்துடையவர்களிடம் அவ்வளவாகச் செல்லவில்லை. 2021இல் வேறு ஆய்வாளர்கள் பிற தரவுத் தொகுதிகளைச் சோதித்தபோது, இந்தத் தொடர்பு எல்லாவற்றிலும் ஒரே சீராகக் காணப்படவில்லை. எனவே 20 விழுக்காடு என்பதை இயற்கை மாறிலியாகக் கொள்ளக்கூடாது.

பகிரப்படுவதால் எழுதுபவர் மாறுகிறாரா? இதுவே முக்கியமான கேள்வி. 2021இல் பிராடியும் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலி கிராக்கெட்டும் துணைவர்களும் இதற்கு விடை தேடினர். 7,331 பேர் எழுதிய 1 கோடியே 27 இலட்சம் பதிவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இவ்வளவையும் மனிதர் படித்து முடிக்க இயலாது. ஆகவே அறச்சீற்றத்தை அடையாளம் காணக் கணிப்பொறிக்குப் பயிற்சி தந்தனர்.

சீற்றமான பதிவுக்கு வழக்கத்தைவிட மிகுந்த பாராட்டுப் பெற்றவர்கள், பின்னர் எழுதிய பதிவுகளிலும் சீற்றத்தைக் கூட்டினர். இது வெறும் உடனிகழ்ச்சியாக இருக்கக்கூடாது என்பதற்காக, 240 பேரைக் கொண்டு சோதனைகளும் செய்தனர். ட்விட்டர் போல அமைத்த ஒரு களத்தில் எந்தப் பதிவைப் பகிர்வது என்று அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கும் பாராட்டு எந்தப் பக்கம் கிடைத்ததோ, அந்தப் பக்கமே தேர்வு சாய்ந்தது. கிரீன்ஸ்பூனின் 'ம்ம்' ஒலிக்கு 66 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த எதிரொலி எனலாம்.

மற்றொரு முடிவு இன்னும் சிந்திக்கத்தக்கது. சீற்றம் நிறைந்த தீவிரக் குழுக்களில் இருந்தவர்களைப் பாராட்டு அவ்வளவாக மாற்றவில்லை. அங்கே சீற்றம்தான் பொதுமொழி. பாராட்டைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. பாராட்டுக்குத் தக்கவாறு மிகுதியாக மாறியவர்கள் மிதமான குழுக்களில் இருந்தவர்களே.

சுற்றுப் பெருக்கம்

இதனை இயற்பியல் கண்கொண்டு பார்ப்போம். மைக்கில் நுழையும் ஒலியை 1 அலகு எனக் கொள்வோம். அது ஒரு முறை சுற்றி வரும்போது 0.5 அலகாகத் திரும்பினால், அடுத்த சுற்றில் 0.25, அதற்கடுத்து 0.125 என்று குறைந்துகொண்டே போகும். இவற்றின் கூட்டுத்தொகை,

1 + 0.5 + 0.25 + 0.125 + ... = 2

திரும்பி வரும் பகுதி 0.9 ஆனால் கூட்டுத்தொகை 10. பகுதி 1ஐ எட்டிவிட்டால் கூட்டுத்தொகைக்கு எல்லையே இல்லை. அப்போதுதான் கூவல் எழுகிறது. நடைமுறையில் ஒலி முடிவின்றி வளர்வதில்லை. மின்பெருக்கியின் திறன் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. அதன்பின் உள்ளீட்டைக் கூட்டினாலும் வெளியீடு கூடாது. இதனைத் தெவிட்டு நிலை என்பர். தீவிரக் குழுவினரைப் பாராட்டு மேலும் மாற்றாதது ஏறத்தாழ இத்தகையதே.

0.5க்கும் 0.9க்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். திரும்பி வரும் பகுதி இரு மடங்குகூட ஆகவில்லை. விளைவோ ஐந்து மடங்கு. ஆகவே சிறிய பாராட்டு சிறிய விளைவையே தரும் என்று எண்ணிவிடலாகாது. அதேபோல், திருகைச் சிறிதளவு குறைத்தாலே கூவல் அடங்கிவிடும் என்பதும் இக்கணக்கிலிருந்து பெறப்படுகிறது.

ஆனால் உவமையை அளவுக்கு மேல் இழுக்கக்கூடாது. மின்பெருக்கிக்குத் தான் பெருக்குவது தெரியாது. மனிதனுக்குத் தெரியும்.

ஏசினால் அடங்குமா?

பாராட்டு வளர்க்கிறது என்றால், பழிப்பு குறைக்க வேண்டும் அல்லவா? 2014இல் ஜஸ்டின் செங்கும் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விடையைத் தந்தது. செய்திகளுக்கு வாசகர்கள் எழுதும் கருத்துகளுக்குப் பிற வாசகர்கள் ஆதரவு வாக்கும் எதிர்ப்பு வாக்கும் அளிப்பதுண்டு. அத்தகைய நான்கு பெரிய தளங்களை அவர்கள் ஆராய்ந்தனர்.

எதிர்ப்பு வாக்குப் பெற்றவர்கள் அடங்கவில்லை. முன்னைவிட அதிகமாக எழுதினர்; தரமும் தாழ்ந்தது. பிறருக்கு எதிர்ப்பு வாக்கு அளிப்பதையும் கூட்டினர். ஆதரவு வாக்குப் பெற்றவர்களின் எழுத்துத் தரமும் உயர்ந்துவிடவில்லை. ஆதரவு, எதிர்ப்பு இரண்டும் பெறாதவர்களே பெரும்பாலும் எழுதுவதை விட்டு விலகினர்.

ஏச்சும் ஒருவகைக் கவனிப்பே என்பது இதிலிருந்து புலனாகிறது. ஒருவரை நாம் கேலி செய்து எழுதினால், அவர் சொன்னதை மேலும் நான்கு பேர் பார்க்கிறார்கள். கூவலை அடக்கக் கூச்சலிட்டால், அந்தக் கூச்சலும் மைக்கிற்குள்தான் போகும்.

ஒலியைவிடப் பெரிய எதிரொலி

2023இல் பிராடியின் குழுவினர் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். அரசியல் பற்றிப் பதிவிட்டவர்களை உடனுக்குடன் அணுகி, "இதனை எழுதியபோது உமக்கு எவ்வளவு சீற்றம் இருந்தது?" என்று கேட்டனர். பின்னர் அதே பதிவுகளை வேறு வாசகர்களிடம் கொடுத்து, எழுதியவரின் சீற்றத்தை மதிப்பிடச் சொன்னார்கள். எழுதியவர் சொன்ன அளவைவிட வாசகர்கள் மதித்த அளவு மிகுதியாக இருந்தது.

நேரில் பேசும்போது குரலும் முகமும் பொருளைத் தணிக்கும். எழுத்தில் அவை இல்லை. இதனால் என்ன ஆகிறது? எல்லாரும் கடுஞ்சினத்தில் இருக்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அதுவே ஊர் வழக்கு என்று கருதி நாமும் குரலை உயர்த்துகிறோம்.

இதனால் அறச்சீற்றமே தவறு என்று பொருள் கொள்ள வேண்டாம். தீண்டாமையைக் கண்டு சீறாதவர்கள் அதனை எதிர்த்திருக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் சீற்றம் நடந்த அநீதியிலிருந்து பிறந்ததா, கிடைக்கப்போகும் கைதட்டலிலிருந்து பிறந்ததா?

உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் மற்றொருவனின் உச்சரிப்பைக் கேலி செய்து ஒரு வரி எழுதுகிறான். பத்துச் சிரிப்புக் குறிகள் வந்து விழுகின்றன. அடுத்த வரி இன்னும் கூர்மையாகிறது, இருபது குறிகள். சிரித்த இருபது பேரில் எவரும் அந்த மாணவனைத் துன்புறுத்த எண்ணியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் தந்தது ஒரு சிறு குறிதான். ஆனால் துன்பப்படுபவன் பெறுவது கூட்டுத்தொகையை. மறுநாள் வகுப்பில் அவன் வாய் திறக்காமல் இருந்தால், பாடத்தில் அவனுக்கு எழுந்த ஐயமும் கேட்கப்படாமலே போகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

கிரீன்ஸ்பூனின் சோதனையைத் தமிழில் செய்வது எளிது. நம் மொழியில் 'மரங்கள்', 'பறவைகள்' எனப் பன்மைச் சொல் 'கள்' என்னும் விகுதியோடு தெளிவாக முடியும்.

நண்பர் ஒருவரிடம், "சொற்களைப் பற்றிய ஒரு சோதனை; விருப்பமா?" என்று முதலில் இசைவு பெறுங்கள். மனத்தில் தோன்றும் பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாக 120 சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் அவற்றை எழுதிக்கொள்ளட்டும். முதல் 60 சொற்களுக்கு நீங்கள் எவ்வித உணர்ச்சியும் காட்டாதீர்கள். அடுத்த 60இல் 'கள்' விகுதி வரும்போது மட்டும் 'ம்ம்' என்று மெல்லச் சொல்லுங்கள். இவ்வாறு பத்துப் பேரிடம் செய்யுங்கள். வேறு பத்துப் பேரிடம் 120 சொற்களுக்கும் 'ம்ம்' சொல்லாமல் இருங்கள். இரண்டாம் குழு ஏன் தேவை என்று சிந்தியுங்கள்.

எழுதிய தாள்களைக் கலந்து, எந்தத் தாள் எந்தக் குழுவினுடையது என்று அறியாத ஒருவரிடம் கொடுத்து 'கள்' சொற்களை எண்ணச் சொல்லுங்கள். 1961ஆம் ஆண்டின் பாடத்தை நாம் மறக்கக்கூடாது அல்லவா? முடிந்தபின், "நான் எதற்கு 'ம்ம்' சொன்னேன்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு, பிறகு உண்மையை விளக்கிவிடுங்கள். முடிவு எதுவாயினும் அப்படியே எழுதுங்கள். 'ம்ம்' வேலை செய்யவில்லை என்றாலும் அதுவும் ஒரு முடிவே.

திருகு யார் கையில்?

சில நிறுவனங்கள் இந்தச் சுற்றின் திருகைக் குறைத்துப் பார்த்ததுண்டு. இன்ஸ்டாகிராம் 2019இல் சில நாடுகளில் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மறைத்துச் சோதித்தது. 2021இல் விரும்புவோர் மறைத்துக்கொள்ள வழி செய்தது. யூடியூப் 2021இல் வெறுப்புக்குறிகளின் எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கியது. ஆயினும் நிறுவனங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இதுவரை கண்ட சோதனைகளிலிருந்தே சில வழிகள் கிடைக்கின்றன.

கோல்ட்ஸ்டைனின் சோதனையில், பாராட்டு உடனே வந்ததால்தான் பேச்சு மாறியது. ஆகவே சினத்தில் எழுதியதை உடனே அனுப்பாமல் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். அனுப்பியபின் எண்ணிக்கையை அடிக்கடி பார்க்காதீர்கள். ஆஷின் சோதனையில், தனியே எழுதியபோது உண்மை வெளிவந்தது. கூட்டத்தின் கருத்தைப் படிக்கும் முன் உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னர் உங்கள் சொல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பார்க்கலாம். கூட்டம் ஒருவனை ஏசும்போது, திருப்பி ஏச வேண்டாம். "இதில் எனக்கு உடன்பாடு இல்லை" என்று அமைதியாகச் சொல்லும் அந்த ஒரு துணையாக இருங்கள்.

நீங்கள் தரும் பாராட்டும் ஓர் உள்ளீடே என்பதை மறவாதீர்கள். நல்ல கேள்வி கேட்டவனுக்கும், ஐயத்தோடு பேசியவளுக்கும், "எனக்குத் தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டவனுக்கும் ஒரு தலையசைப்பைத் தாருங்கள். எந்தச் சொற்கள் உங்கள் வகுப்பில் வளர வேண்டும் என்பதை அந்தத் தலையசைப்பும் சேர்ந்து முடிவு செய்கிறது.

வினாக்கள்

1. கோல்ட்ஸ்டைனின் சோதனையில் இரு குழுத் தாய்மார்களும் ஒரே அளவு புன்னகை செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தது ஏன்?

2. சுற்றி வரும் ஒலியில் 0.8 பகுதி திரும்பினால் கூட்டுத்தொகை என்ன? அதனை 0.7 ஆகக் குறைத்தால் கூட்டுத்தொகை எவ்வளவு குறையும்?

3. ஒரு வாரம் உங்கள் குழு ஒன்றில் வரும் செய்திகளைக் கவனியுங்கள். மிகுதியான ஆதரவு பெற்ற ஐந்து செய்திகளையும், ஆதரவே பெறாத ஐந்து செய்திகளையும் பெயர்களை நீக்கி எழுதிக்கொள்ளுங்கள். அவற்றின் சொற்களில் என்ன வேறுபாடு காண்கிறீர்கள்? பத்துச் செய்திகளை வைத்து முடிவுக்கு வரலாமா?